மூளை ஆபரேஷன் முடிந்ததும் ஐ.சி.யூ கட்டாயமா? முதல் 6 மணி நேரத்தில் இருக்கு பதில்

மூளையில் சின்னக் கட்டி. ஆபரேஷன் செய்யணும், ஆனால் அவசரம் இல்லை, அடுத்த மாதம் தேதி குறிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடும்பம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு பில்லிங் கவுன்ட்டருக்குப் போனால், ஒரு எஸ்டிமேட் தாள் கைக்கு வரும். சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து, தியேட்டர், மாத்திரை மருந்து. நடுவில் ஒரு வரி: 'ஐ.சி.யூ - 2 நாள்'.

இந்த வரியை நம்ம ஊரில் இரண்டு விதமாகப் படிப்பாங்க. "ஐ.சி.யூ-ல வெச்சாதான் பாதுகாப்பு, எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்" என்பது ஒரு கட்சி. "பில்லை ஏத்தத்தான் போடுறாங்க" என்பது எதிர்க்கட்சி. பல வீடுகளில் இரண்டு கட்சியும் ஒரே வெயிட்டிங் ஹாலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

இதே கேள்வியை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களும் மயக்கவியல் மருத்துவர்களும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திட்டமிட்டுச் செய்யும் மூளை ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாரையும் ஒரு இரவு ஐ.சி.யூ-வில் வைக்கணுமா, இல்லை தேவைப்படுகிறவர்களை மட்டும் வைத்தால் போதுமா? விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், திடீர் ரத்தக்கசிவுடன் வருபவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நாம் பேசப்போவது, நடந்தே வந்து அட்மிட் ஆகும் நோயாளியைப் பற்றி மட்டும்தான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

ஐ.சி.யூ என்ற யோசனைக்கும் மூளை ஆபரேஷனுக்கும் ஆரம்பத்திலிருந்தே சொந்தம் உண்டு. 1923-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி என்ற நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர், தன்னிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத் தனியாகக் கண்காணிக்க 3 படுக்கைகள் போட்டார். இன்றைய ஐ.சி.யூ-க்களின் முன்னோடிகளில் ஒன்றாக அதைத்தான் சொல்வாங்க.

அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது. மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று படம் எடுத்துப் பார்க்க சி.டி ஸ்கேன் கிடையாது. உலகில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை சி.டி எடுத்துப் பார்த்ததே 1971 அக்டோபரில், லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில். ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி-யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியபோதும், அடுத்த வருஷம் சென்னை ஜி.ஹெச்-சில் பி.ராமமூர்த்தி தொடங்கியபோதும் இதே நிலைமைதான். பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பது ஒன்றுதான் வழி. ஸ்கேன் வந்தது, மைக்ரோஸ்கோப் வந்தது, மயக்க மருந்துகள் மாறின. 'ஒரு நைட் ஐ.சி.யூ' மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பயப்படுவது எதற்கு?

வயிற்றில் ஆபரேஷன் செய்த இடத்தில் கொஞ்சம் ரத்தம் கசிந்தால், அது தேங்க இடம் இருக்கு. மண்டையோடு அப்படி இல்லை. மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள திரவம் மூன்றும் ஒரு எலும்புப் பெட்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று நகரணும். ஓரளவுக்குத் திரவம் நகர்ந்து இடம் கொடுக்கும். அதற்கு மேல் மூளையே நசுங்க ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

வீக்கம், வலிப்பு, தொற்று என்று மற்ற சிக்கல்களும் உண்டு. ஆனால், ஐ.சி.யூ-வா வார்டா என்ற முடிவை ஆட்டிவைப்பது முதன்மையாக இந்த ரத்தக்கசிவுதான். அப்படியானால் அடுத்த கேள்வி, அது எப்போது வரும்?

இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு ஒன்று 1995-ல் 'ஜர்னல் ஆஃப் நியூரோசர்ஜரி' இதழில் வந்தது. முதல் சி.டி எடுத்த அதே அட்கின்சன் மோர்லி மருத்துவமனையிலிருந்துதான். மூளை ஆபரேஷன் செய்துகொண்ட 2,305 பேரில் 50 பேருக்கு, அதாவது 2.2 சதவிகிதம் பேருக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கட்டு ஏற்பட்டிருந்தது. அந்த 50 பேரில் 44 பேருக்கு நிலைமை மோசமானது முதல் 6 மணி நேரத்துக்குள். மீதி 6 பேருக்கு 24 மணி நேரத்துக்குப் பிறகு.

44-ம் 6-ம் 50. நடுவில் இருக்கும் 18 மணி நேரத்தில் ஒருவர்கூட இல்லை. வழக்கமான 'ஒரு நைட் ஐ.சி.யூ' பெரும்பாலும் ஓடுவது அந்த 18 மணி நேரத்தில்தான்!

இதைப் படித்துவிட்டு "அப்போ ஐ.சி.யூ-வே வேண்டாமா?" என்று கிளம்ப வேண்டாம். இது ஒரே மருத்துவமனையின் கணக்கு, அதுவும் 30 வருஷத்துக்கு முந்தையது. இன்னொன்றும் கவனிக்கணும். 24 மணி நேரம் கழித்து மோசமான அந்த 6 பேரை, முதல் ராத்திரி ஐ.சி.யூ-வில் வைத்திருந்தாலும் அங்கே வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர்களைக் காப்பாற்ற வேண்டியது அதற்கடுத்த படுக்கை. அது எங்கே இருக்கு, அங்கே யார் பார்க்கிறாங்க? இந்தக் கேள்வியை எஸ்டிமேட் தாள் கேட்பதே இல்லை.

மானிட்டருக்குத் தெரியாத விஷயம்

ஐ.சி.யூ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பீப் பீப் என்று கத்தும் மானிட்டர். இதயத்துடிப்பு, ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம் எல்லாம் அதில் ஓடும். ஆனால், மூளைக்குள் என்ன நடக்குது என்று அந்தத் திரை சொல்லாது. மூளை அழுத்தத்தால் நாடித்துடிப்பு குறைந்து ரத்த அழுத்தம் ஏறுவது தெரியவரும்போது, நிலைமை கைமீறும் கட்டத்துக்கு வந்திருக்கும்.

அதற்கு வெகுமுன்பே மாற்றத்தைக் காட்டக்கூடிய ஒரே 'கருவி' நோயாளிதான். "உங்க பேர் என்ன? இது எந்த இடம்? ரெண்டு கையையும் நீட்டுங்க, கண்ணை மூடுங்க, அப்படியே வெச்சிருங்க." வலது கை மெல்லக் கீழே இறங்கினால் அது ஒரு செய்தி. அரை மணி நேரம் முன்னால் ஊர் பேர் சொன்னவர் இப்போது 'ம்...' என்று மட்டும் சொன்னால் அதுவும் செய்திதான். கண்மணியில் டார்ச் அடித்துப் பார்ப்பாங்க. 1974-ல் கிளாஸ்கோவின் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் உருவாக்கிய மதிப்பெண் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கு. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. இதற்குத் தேவை ஒரு டார்ச், ஒரு சார்ட், நேரமுள்ள ஒரு நர்ஸ். அவ்வளவுதான்.

இங்கே ஒரு முரண் இருக்கு. ஐ.சி.யூ-வில் மயக்க மருந்து ஓட, வென்டிலேட்டரில் தூங்க வைக்கப்பட்டிருக்கும் நோயாளி பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரிவார். ஆனால், அவரிடம் பேர் கேட்க முடியாது. தியேட்டரிலேயே தொண்டைக்குழாயை எடுத்து, விழித்து, "தண்ணி வேணும்" என்று கேட்கும் நோயாளியின் மூளையைக் கண்காணிப்பது அதைவிட எளிது. அதனால்தான் ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தால் சீக்கிரம் எழுப்பிவிடுவதை மயக்கவியல் மருத்துவர்கள் விரும்புவாங்க.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லணும். வேலூருக்கும் சென்னைக்கும் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஏராளமானோர் சிகிச்சைக்கு வருகிறார்கள். வங்காளி மட்டுமே தெரிந்த ஒருவரிடம் தமிழிலோ இங்கிலீஷிலோ பேர் கேட்டு, அவர் விழித்தால், அது குழப்பமா, பேச்சுப் பகுதி பாதிப்பா, இல்லை மொழி புரியவில்லையா? சொந்தக்காரர் ஒருவரை அஞ்சு நிமிஷம் உள்ளே விட்டால் சட்டென்று தெரிந்துவிடும். "இவரு இப்படிப் பேச மாட்டாரே" என்று வீட்டுக்காரர் சொல்வதும் ஒரு மருத்துவத் தகவல்தான். ஐ.சி.யூ கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தத் தகவல் வீணாகப் போகிறது என்பது என் எண்ணம்.

ஐ.சி.யூ-வுக்கு வேறு விலையும் உண்டு. அணையாத லைட், ஓயாத சத்தம், துண்டு துண்டான தூக்கம், சுற்றிலும் முகம் தெரியாதவர்கள். வயதானவர்களுக்கு இது டெலிரியம் என்று டாக்டர்கள் சொல்லும் மனக்குழப்பத்தைக் கொண்டுவரலாம். குழப்பமாகப் பேசினால் உள்ளே ரத்தக்கசிவோ என்று சந்தேகம் வந்து, ராத்திரி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடணும். மருந்துக்கு மசியாத கிருமிகள் அதிகம் உலவும் இடமும் ஐ.சி.யூ-தான்.

அப்போ யாருக்கு ஐ.சி.யூ?

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்குத்தான், யாருடைய கதையும் இல்லை. ஒருவருக்கு வயது 38. நெற்றிப் பக்கம், மூளையின் மேற்பரப்பில் 3 சென்டிமீட்டர் மெனிஞ்சியோமா. பி.பி, சுகர் கிடையாது. மூன்று மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்து, தியேட்டரிலேயே கண் விழித்துப் பேசிவிட்டார். இன்னொருவருக்கு வயது 67. கட்டி இருப்பது பின்மண்டையில், சிறுமூளைக்குப் பக்கத்தில். சுகர் இருக்கு, ஆபரேஷன் ஏழு மணி நேரம் போனது, ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, முழுசாக விழிக்கவில்லை.

இரண்டாமவர் ஐ.சி.யூ-வுக்குத்தான் போகணும், அதில் விவாதமே இல்லை. பின்மண்டைப் பகுதியில் இடம் குறைவு. மூச்சு, விழுங்குதல் இரண்டையும் நடத்தும் மூளைத்தண்டு அங்கேதான் இருக்கு. அங்கே வீங்கினால் மூளைத் திரவம் ஓடும் பாதையும் அடைபடலாம். நீண்ட ஆபரேஷன், அதிக ரத்த இழப்பு, பெரிய கட்டியும் சுற்றிலும் வீக்கமும், ரத்தம் உறைவதில் கோளாறு, கட்டுக்குள் வராத பி.பி, தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்னை, ஆபரேஷனுக்கு முன்பே கை கால் பலவீனம்... இவை எல்லாமே தராசை ஐ.சி.யூ பக்கம் சாய்க்கும்.

முதலாமவர் விஷயத்தில்தான் வழக்கம் மாறிவருகிறது. வெளிநாட்டு மையங்கள் பலவற்றில் இவரை ரெகவரி அறையில் சில மணி நேரம் நெருக்கமாகக் கவனித்து, எல்லாம் சரியாக இருந்தால் எச்.டி.யூ-வுக்கோ நரம்பியல் வார்டுக்கோ அனுப்புகிறார்கள். எச்.டி.யூ என்பது ஐ.சி.யூ-வுக்கும் வார்டுக்கும் நடுவில் இருக்கும் படி. கொரோனா காலத்தில் ஐ.சி.யூ படுக்கைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் பேச்சு இன்னும் வேகமானது.

இந்த முடிவை இரண்டு தடவை எடுக்கணும். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு திட்டம். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது, உள்ளே நடந்ததை வைத்து இன்னொரு முறை. ஐ.சி.யூ என்று குறித்தவர் எச்.டி.யூ-வுக்குப் போகலாம், வார்டு என்று குறித்தவர் ஐ.சி.யூ-வுக்கும் போகலாம். 2024 தொடக்கத்தில் வெளிவந்த, 24 நிபுணர்கள் தயாரித்த மத்திய சுகாதார அமைச்சக வழிகாட்டுதலும் இந்த மனநிலையில்தான் பேசுகிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பொறுத்தவரை, ஆபரேஷனின்போது பெரிய சிக்கல் வந்தவர்களையும், தீவிரக் கண்காணிப்பு தேவைப்படுகிறவர்களையும், சிக்கல் வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களையும்தான் அது ஐ.சி.யூ-வுக்கு உரியவர்களாகச் சொல்கிறது.

'வார்டு' என்றால் எந்த வார்டு?

வெளிநாட்டு ஆய்வுகளை நம்ம ஊருக்கு அப்படியே தூக்கி வரும்போது வழுக்கும் இடம் இதுதான். பிரிட்டனில் படுக்கைகளைப் பேரை வைத்து இல்லாமல், கவனிப்பின் அளவை வைத்து 0 முதல் 3 வரை பிரிக்கிறார்கள். 3-ம் நிலையில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ், 2-ம் நிலையில் இரண்டு பேருக்கு ஒரு நர்ஸ் என்பது அங்கே வழக்கம்.

அந்த நாட்டின் தலைக்காய வழிகாட்டி ஒரு அட்டவணை தருகிறது. நோயாளி 15 மதிப்பெண்ணுக்கு வந்த பிறகு முதல் 2 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கு ஒருமுறை, அப்புறம் 2 மணிக்கு ஒருமுறை பார்க்கணும். மூளை ஆபரேஷன் முடிந்து வருபவர்களை ஆரம்பத்தில் பெரும்பாலும் இதைவிட நெருக்கமாகவே பார்ப்பாங்க. குறைந்தபட்சமாக இதையே எடுத்துக்கொண்டாலும், 6 மணி நேரத்தில் ஒருவருக்கு 8 தடவை.

இப்போது ஒரே நர்ஸ் ராத்திரி ஷிஃப்டில் 25 பேரைப் பார்க்கும் ஒரு ஜெனரல் வார்டை நினைத்துப் பாருங்கள். அவர் எவ்வளவு நல்லவராக, திறமையானவராக இருந்தாலும் இது நடக்காது. அங்கே ஒருவரை அனுப்பிவிட்டு "ஆய்வு சொல்லுது, வார்டே போதும்" என்பது ஏமாற்று. அதேபோல, பலகையில் 'ஐ.சி.யூ' என்று இருந்தாலும், ராத்திரி நரம்பியல் பழக்கமுள்ள நர்ஸோ டாக்டரோ இல்லாத இடத்தில் கொடுக்கும் காசு மானிட்டருக்கு மட்டும்தான் போகும்.

டாக்டரிடம் "ஐ.சி.யூ-வா, வார்டா?" என்று கேட்பதை விட இப்படிக் கேட்டுப் பாருங்கள். முதல் 6 மணி நேரம் எங்கே இருப்பார்? அங்கே ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பார்ப்பாங்க? ராத்திரி 2 மணிக்கு சந்தேகம் வந்தால் சி.டி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும், மறுபடி மண்டையைத் திறக்கணும் என்றால் சர்ஜனும் மயக்கவியல் மருத்துவரும் எவ்வளவு நேரத்தில் வருவாங்க? நல்ல டாக்டர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். பெரும்பாலும் கையோடு பதில் வைத்திருப்பார்கள்.

படுக்கையும் பணமும்

தேவையில்லாத ஒரு ஐ.சி.யூ ராத்திரி உங்கள் பில்லில் மட்டும் உட்காராது. பெரிய அரசு மருத்துவமனைகளில் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வருபவர்களுக்கும் இதே படுக்கைகள்தான். ராத்திரி இரண்டு கேஸ் வந்துவிட்டால், காலையில் லிஸ்டில் இருக்கும் கட்டி ஆபரேஷன் தள்ளிப்போகும். முதல் நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடாமல், மொட்டை அடித்து, மனசைத் தயார் பண்ணிக்கொண்டு இருப்பவரிடம் "இன்னைக்கு ஐ.சி.யூ பெட் இல்லம்மா" என்று சொல்வாங்க. அந்த 38 வயதுக்காரரை எச்.டி.யூ-வில் பாதுகாப்பாக வைக்க முடிந்தால், இவருடைய ஆபரேஷன் நடந்திருக்கும்.

தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தை முன்பே பார்த்துவிடுவது நல்லது. பல பாலிசிகளில் ரூமுக்கும் ஐ.சி.யூ-வுக்கும் தனித்தனி தினசரி உச்சவரம்பு இருக்கு. 2020-ல் 'ஆரோக்கிய சஞ்சீவனி' அறிமுகமானபோது ரூமுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். ஐ.சி.யூ-வுக்கு 5 சதவிகிதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இதில் எச்.டி.யூ எந்தப் பக்கம்? காப்பீட்டு விதிகளில் ஐ.சி.யூ என்பதற்கான விளக்கம், தனி டாக்டரின் தொடர் மேற்பார்வையும் தொடர் கண்காணிப்பு வசதியும் உள்ள பிரிவு என்கிற ரீதியில் போகும். உங்கள் மருத்துவமனையின் எச்.டி.யூ-வை உங்கள் நிறுவனம் எந்தக் கணக்கில் சேர்க்கும் என்று, அட்மிட் ஆவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் அன்னைக்குச் சண்டை போட யாருக்கும் தெம்பு இருக்காது.

சில மணி நேரத்தில் வீட்டுக்கே போகலாமா?

கனடாவில் போகிறார்கள். டொரான்டோவில் மார்க் பெர்ன்ஸ்டீன் என்ற நிபுணர் 1996-லிருந்து, தேர்ந்தெடுத்த மூளைக்கட்டி நோயாளிகளுக்கு விழித்த நிலையிலேயே ஆபரேஷன் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் முறையைத் தொடங்கினார். 46 பேரை வைத்துச் செய்த முதல் கட்ட ஆய்வு 2001-ல் வெளியானது. ஆபரேஷன் முடிந்து 4 மணி நேரத்தில் ஒரு சி.டி, அது சுத்தமாக இருந்து ஆளும் நன்றாக இருந்தால் 6 மணி நேரத்தில் வீட்டுக்கு. அந்த 6 மணி நேரம் இங்கேயும் வருது பாருங்கள்.

ஆனால், அது எல்லாருக்குமான முறை இல்லை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கணும், கூடவே பொறுப்பான ஒருவர் இருக்கணும், ஒன்று என்றால் உடனே திரும்பி வர முடியணும். காலையில் சென்னையில் ஆபரேஷன் முடித்து, சாயங்காலம் பஸ் ஏறி தர்மபுரி போகிறவருக்கு இது பொருந்தாது.

நம்ம ஊரில் நடைமுறையில் இருக்கும் 'அடுத்த படுக்கை' பெரும்பாலும் மருத்துவமனைக்கு எதிரில் இருக்கும் லாட்ஜ். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் சில நாள் அங்கேயே தங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. மூளை வீக்கம் பொதுவாக 2, 3 நாளில் உச்சத்துக்குப் போகும். வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைச் சொன்ன கணக்கில் படிப்படியாகக் குறைக்கணும், "இப்போ நல்லாயிட்டேன்" என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. மூக்கு வழியாக பிட்யூட்டரி கட்டியை எடுத்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்துக்கூட ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். அவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தவற விடக்கூடாது.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஃபைலில் வைத்து மூடுவதற்கு முன்னால், கூட இருக்கப்போகிறவர் ஒரு பேப்பரில் எழுதி லாட்ஜ் கதவில் ஒட்டட்டும்: கூடிக்கொண்டே போகும் தலைவலி, நிற்காத வாந்தி, எழுப்பினால் எழுந்திருக்காத தூக்கம், குழறும் பேச்சு, ஒரு பக்கம் கை கால் பலம் குறைவது, வலிப்பு, காய்ச்சல், தையலிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போல ஒழுகுவது, கால் வீக்கம், மூச்சு வாங்குவது. கீழே வார்டின் நம்பர், 108, ராத்திரியிலும் சி.டி இருக்கும் பக்கத்து மருத்துவமனையின் பெயர். ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பேப்பரையும் கழற்றி எடுத்துப் போகணும், கடைசி வரியில் மட்டும் உங்கள் ஊருக்குப் பக்கத்து மருத்துவமனையை மாற்றி எழுதிக்கொண்டு.